கடலே இல்லாத கென்டக்கி 1812 போரில் ஏன் அத்தனை பேரை இழந்தது?

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மிச்சிகன் வந்திருக்கிறேன். போன சனிக்கிழமை மன்ரோ என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, ஈரி ஏரி ஓரமாக இருக்கிறது. அங்கே ரெய்சின் ஆற்றங்கரையில் ஒரு பழைய போர்க்களத்தைத் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கிறார்கள். பார்த்தால் புல்வெளியும் ஒரு சின்ன ஆறும்தான். ஆனால் 1813 ஜனவரியில் அந்த இடத்தில் ஓர் அமெரிக்கப் படை கிட்டத்தட்ட முழுதாக அழிந்திருக்கிறது, அதில் பெரும்பாலோர் கென்டக்கிக்காரர்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ஒரு கேள்வி விடவே இல்லை.

1812 போர் என்றால் நான் படித்தது இவ்வளவுதான். பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது, பிரான்சோடு வணிகம் செய்யக் கூடாது என்று தடுத்தது, பொறுக்க முடியாமல் அமெரிக்கா போர் அறிவித்தது. சரி, அப்படியென்றால் வலி பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் அல்லவா? கென்டக்கிக்குக் கடல் கிடையாது, கப்பல் கிடையாது, பிடித்துப்போக மாலுமியும் கிடையாது. இங்கிருந்து காரில் போனாலே ஐந்து மணி நேரம் ஆகும் என்கிறான் மகன். அந்தக் காலத்தில், பனியில், நடந்து வந்து எதற்காகச் செத்தார்கள்? இந்தப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களில் பாதிக்கு மேல் கென்டக்கிக்காரர்கள் என்று ஒரு கணக்கும் பார்த்தேன், அது உண்மையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவசரம் இல்லை.

கோடையிடி:

வணக்கம் ஐயா. நல்ல கேள்வி, பாடப்புத்தகங்களில் இந்தப் பகுதி எப்போதும் இரண்டு வரியில் போய்விடும்.

முதலில் ஒன்று. கென்டக்கிக்குக் கடல் இல்லை என்பது சரி, ஆனால் கடல் வணிகம் இருந்தது. அவர்கள் மாவு, பன்றிக்கறி, புகையிலை, சணல் எல்லாவற்றையும் தட்டையான படகுகளில் ஏற்றி ஒஹையோ ஆறு, மிசிசிப்பி ஆறு வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பித்தான் காசு பார்த்தார்கள். அங்கிருந்து கப்பல் போகவில்லை என்றால் லெக்சிங்டன் விவசாயியின் விளைச்சலுக்கு விலை இல்லை. விலை விழுந்ததற்கு பிரிட்டனின் கடல் தடைதான் காரணம் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வடக்கே இருந்தது. கென்டக்கியில் குடியேறிய முதல் தலைமுறை முழுக்க ஷானி உள்ளிட்ட பூர்வகுடி மக்களோடு சண்டை போட்டே நிலம் பிடித்தது. அந்தச் சண்டைகளில் பூர்வகுடிகளுக்கு வெடிமருந்தும் துப்பாக்கியும் டெட்ராய்ட்டில் இருந்த பிரிட்டிஷாரிடமிருந்து வந்தன. 1782 ஆகஸ்டில் புளூ லிக்ஸ் என்ற இடத்தில் சில நிமிடங்களில் சுமார் 70 கென்டக்கிக்காரர்கள் இறந்தார்கள், கென்டக்கியில் முதலில் குடியேறியவர்களில் பேர்பெற்ற டேனியல் பூனின் மகன் இஸ்ரேல் உட்பட. 1812-இல் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது நேரில் பார்த்த விஷயம், இருபது வயதுப் பையன்களுக்கு அடுப்படியில் கேட்டு வளர்ந்த கதை. அதனால் 1811 நவம்பரில் இந்தியானாவின் டிப்பிகனூவில் பூர்வகுடிகளோடு மறுபடி சண்டை மூண்டு, கென்டக்கியில் பெயர் பெற்ற வழக்கறிஞர் ஜோசஃப் ஹாமில்டன் டேவிஸ் அதில் இறந்ததும், எல்லாரும் கனடாப் பக்கம்தான் கை நீட்டினார்கள். டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் மால்டன் கோட்டையில் பிரிட்டிஷார் இருக்கும் வரை நமக்குத் தூக்கம் கிடையாது என்ற எண்ணம்.

இத்தனைக்கும் அப்போது கென்டக்கிக்குள் பூர்வகுடிகளால் ஆபத்து அநேகமாக முடிந்துபோயிருந்தது. எல்லை ஒஹையோ ஆற்றைத் தாண்டி வடக்கே நகர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. பயம் மட்டும் நகரவில்லை. அதோடு வடக்கே இருந்த நிலத்தின் மேல் ஆசையும் சேர்ந்துகொண்டது, அதை மறைப்பதற்கில்லை.

அப்புறம் ஹென்றி கிளே. லெக்சிங்டன்காரர், அபாரமான பேச்சாளர். கென்டக்கியின் மக்கள்படை மட்டும் போதும், மாண்ட்ரியாலையும் மேல் கனடாவையும் (இன்றைய ஒண்டாரியோ) கொண்டுவந்து காலடியில் வைத்துவிடும் என்கிற மாதிரி 1810-இலேயே செனட்டில் பேசினார். 1811-இல் கீழவைக்கு வந்த முதல் நாளே, 34 வயதில், சபாநாயகர் ஆகிவிட்டார். போர் கேட்ட அந்த இளம் கூட்டத்துக்குப் போர்ப் பருந்துகள் என்று பட்டப்பெயர். 1812 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தபோது கீழவையில் 79க்கு 49, செனட்டில் 19க்கு 13. எதிர்த்து வாக்களித்தவர்களில் கென்டக்கியின் செனட்டர் ஜான் போப்பும் ஒருவர். சொந்த மாநிலத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை, 1813-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு செனட்டுக்குத் திரும்பவே இல்லை. அந்த மாநிலத்தின் மனநிலையை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

உண்மையில் கப்பல் வைத்திருந்த மாசச்சூசெட்ஸும் கனெக்டிகட்டும் என்ன செய்தன தெரியுமா? மத்திய அரசு கேட்டபோது மக்கள்படையை அனுப்ப முடியாது என்று அவற்றின் ஆளுநர்கள் மறுத்துவிட்டார்கள். போர் நின்றால்தான் எங்கள் வணிகம் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் கேள்வி அதனால்தான் சரியான இடத்தில் விழுகிறது ஐயா, யாருக்காகப் போர் என்று சொன்னார்களோ அவர்களே வர மறுத்த போர் அது.

ஏரிக்காற்று:

நானும் மிச்சிகன்தான், அந்தப் பூங்காவுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனது கனத்துத்தான் திரும்புவேன். அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1812 ஆகஸ்டில் டெட்ராய்ட்டை ஜெனரல் ஹல் சண்டையே போடாமல் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்துவிட்டார். அதை மீட்கக் கென்டக்கியிலிருந்து தன்னார்வப் படைகள் கிளம்பின. கிளம்பியது கோடையில், அதனால் போட்டிருந்தது லினன் துணி. குளிருக்குள் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். டிசம்பர் வந்தபோதும் ஒஹையோவின் வடமேற்கில் மௌமி ஆற்றோரம் அதே லினன் சட்டையோடு பனியில் கிடந்தார்கள். கம்பளி வரவில்லை, சாப்பாடு போதவில்லை, காய்ச்சல் பரவி, ஒரு குண்டு பார்க்காமலேயே கூடாரத்தில் எத்தனையோ பேர் செத்தார்கள். ஜனவரியில், மன்ரோ என்று இன்று சொல்லும் இடத்தில் இருந்த ஃபிரெஞ்ச்டவுன் மக்கள் உதவி கேட்டு ஆள் அனுப்பினார்கள். பிரெஞ்சு வழிவந்த குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது, கரையெல்லாம் காட்டுத் திராட்சை என்பதால் ஆற்றுக்கே திராட்சை என்று பிரெஞ்சில் பெயர் வைத்தவர்கள். அங்கே உணவும் இருந்தது. போகலாமா வேண்டாமா என்ற பேச்சில் பசிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஜனவரி 18 அன்று ஊரைப் பிடித்தார்கள். ஜெனரல் வின்செஸ்டர் பின்னாலேயே வந்து சேர்ந்தார், ஆனால் படை ஆற்றுக்கு வடக்கே, அவர் தங்கியது தெற்கே ஒரு வசதியான வீட்டில், அரை மைலுக்கு மேல் தள்ளி. எதிரி வருகிறான் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தும் வரும் வழியில் காவல் போடவில்லை. ஜனவரி 22 விடிவதற்கு முன்னால் பிரிட்டிஷ் கர்னல் ப்ராக்டர் ஆறு பீரங்கிகளோடும் பூர்வகுடி வீரர்களோடும் வந்துவிட்டார். வேலிக்கு வெளியே திறந்தவெளியில் இருந்த வலப்பக்கப் பிரிவு உடைந்து ஓடியது, ஓடியவர்களை ஆழமான பனியில் துரத்திப் பிடித்தார்கள். வின்செஸ்டர் பிடிபட்டார். ஆனால் மரவேலிக்குப் பின்னால் இருந்த கென்டக்கிக்காரர்கள் அசையவில்லை, மேஜர் ஜார்ஜ் மேடிசன் தலைமையில் நின்று சுட்டுக்கொண்டே இருந்தார்கள். சரணடையச் சொல்லி ஜெனரலிடமிருந்து சொல் வந்தபோதுகூட, காயம்பட்டவர்களைப் பாதுகாப்போம் என்று வாக்குக் கொடுத்தால்தான் துப்பாக்கியைக் கீழே வைப்போம் என்று மேடிசன் சொல்லியிருக்கிறார். வாக்குக் கிடைத்தது.

ப்ராக்டர் நடக்க முடிந்த கைதிகளைக் கூட்டிக்கொண்டு அன்றே கிளம்பிவிட்டார். காயம்பட்டவர்கள் ஊர் வீடுகளில் இருக்கட்டும், நாளைக்குச் சறுக்குவண்டி அனுப்புகிறோம் என்றார்கள். காவலுக்கு விட்டுப்போனது ஒன்றிரண்டு பேரை. மறுநாள் காலை வந்தது சறுக்குவண்டி இல்லை. பூர்வகுடி வீரர்கள் சிலர் வந்து, கிடந்தவர்களைக் கொன்று, வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் முப்பதிலிருந்து அறுபதுக்கு மேல் வரை பல கணக்குகள் இருக்கின்றன. 22-ஆம் தேதி காலையில் அங்கே இருந்த 934 பேரில் தப்பித்தவர்கள் 33 பேர்தான், சுமார் 400 பேர் செத்தார்கள், மற்றவர்கள் கைதிகள்.

இறந்தவர்களில் நத்தேனியல் ஹார்ட் என்ற கேப்டன் ஒருவர், லெக்சிங்டன் வழக்கறிஞர். காயத்தோடு கிடந்தார். எதிர்த்தரப்பில் அவருக்குப் பழைய அறிமுகம் உள்ள ஓர் அதிகாரி, உன்னை நானே பத்திரமாகக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். யாரும் வரவில்லை. இந்த ஹார்ட், மேலே நண்பர் சொன்னாரே, ஹென்றி கிளே, அவருடைய மனைவியின் உடன்பிறந்தவர். போரைக் கேட்டு வாங்கியவர் வீட்டிலேயே சாவு விழுந்தது.

அதற்கப்புறம் கென்டக்கிப் படை போன இடமெல்லாம் ‘ரெய்சினை மறக்காதே’ என்பதுதான் போர்க்குரல். கென்டக்கியில் ஒன்பது கவுன்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) அந்தச் சண்டையில் இருந்த அதிகாரிகளின் பெயர்: ஆலன், பல்லார்ட், எட்மன்சன், கிரேவ்ஸ், ஹார்ட், ஹிக்மன், மெக்ராக்கன், மீட், சிம்ப்சன். இதில் உயிரோடு வீடு திரும்பியவர் பல்லார்ட் மட்டும்.

கணக்குப்பிள்ளை:

ஐயா கேட்ட எண்ணிக்கைக்கு மட்டும் பதில். வழக்கமாகச் சொல்லப்படுவது, களத்தில் இறந்த 1,876 அமெரிக்கர்களில் சுமார் 1,200 பேர் கென்டக்கிக்காரர்கள், அதாவது 64 சதவீதம். களச் சாவு மொத்தம் 2,260 என்று இன்னொரு கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதை வைத்து வகுத்தால் 53 சதவீதம். எப்படிப் போட்டாலும் பாதிக்கு மேல். ஆனால் இது களச் சாவு மட்டும். நோயில் செத்தவர்கள் எல்லா மாநிலங்களிலும் இதைப்போல் பல மடங்கு.

1810 மக்கள்தொகைக் கணக்கில் கென்டக்கி 4,06,511 பேர். நாடு முழுக்க 72 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லாத மாநிலம். அந்த நாலு லட்சத்திலும் சுமார் 80,000 பேர் அடிமைகள், அவர்களைக் கேட்டு யாரும் போருக்குப் போகவில்லை. படையில் சேர்ந்தவர்கள் 25,000 என்பார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை போனதும் அதில் சேர்ந்திருக்கக்கூடும், அதைக் கழித்தாலும் வீட்டுக்கு வீடு ஆள் போயிருக்கிறது.

செங்காந்தள்:

எல்லாரும் எழுதியதை மதித்தே சொல்கிறேன், ஒரு பக்கம் விட்டுப்போகிறது. ரெய்சினில் காயம்பட்டவர்களைக் கொன்றது கொடுமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அன்று கோடரியோடு வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

1809-இல் ஃபோர்ட் வெய்ன் உடன்படிக்கை. இந்தியானா ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் சில தலைவர்களைக் கூட்டி வைத்துக் கையெழுத்து வாங்கி சுமார் 30 லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார். நிலம் எல்லாக் குலங்களுக்கும் பொது, ஒரு சிலர் விற்க முடியாது என்று ஷானித் தலைவர் டெகும்சே சொன்னது இதற்குத்தான். 1811-இல் அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் ஹாரிசன் படையோடு போய், டிப்பிகனூ சண்டைக்குப் பின் அவருடைய ஊரையே எரித்தார். 1812 செப்டம்பரில், அதாவது ரெய்சினுக்கு நாலு மாதம் முன்னால், கென்டக்கிப் படையை வைத்துக்கொண்டு ஃபோர்ட் வெய்னைச் சுற்றியிருந்த மயாமி, போட்டாவாட்டமி ஊர்களையும் அறுவடைக்கு நின்ற சோளத்தையும் கொளுத்தினார்கள். குளிர்காலத்துக்கு முன்னால் சோளத்தைக் கொளுத்தினால் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று கொளுத்தியவர்களுக்குத் தெரியும், அவர்களும் விவசாயிகள்தானே.

அடுத்து, 1813 மே மாதம் மௌமி ஆற்றோரம் இருந்த அமெரிக்கர்களின் மெய்க்ஸ் கோட்டையைப் பிரிட்டிஷார் முற்றுகையிட்டார்கள். உதவிக்கு வந்த கென்டக்கிப் படையில் கர்னல் டட்லியோடு சுமார் 800 பேர் ஆற்றின் வடகரையில் இறங்கி, பீரங்கிகளைப் பிடித்த வேகத்தில் காட்டுக்குள் துரத்திக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார்கள். திரும்பியவர்கள் 150 பேர் போல. பிடிபட்டவர்களைக் கொல்லத் தொடங்கியபோது குதிரையில் வந்து தடுத்து நிறுத்தியவர் டெகும்சேதான். இதை அமெரிக்கத் தரப்பில் இருந்தவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதே டெகும்சே அந்த அக்டோபரில் இறந்தபோது, அவருடையது என்று நினைத்த உடலிலிருந்து கென்டக்கி வீரர்கள் தோலை உரித்து ஞாபகார்த்தமாக எடுத்துப்போனார்கள். சண்டை முடிந்த கையோடு பக்கத்தில் இருந்த ஃபேர்ஃபீல்டு என்ற ஊரையும் எரித்தார்கள். அங்கே இருந்தவர்கள் மொரேவியன் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவ டெலவேர் மக்கள்.

படுகொலை என்ற சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கோடையிடி:

செங்காந்தள், நீங்கள் சொன்னதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. முதல் பதிலில் நிலத்தாசை என்று ஒரு வரியில் கடந்துவிட்டேன், அது போதாது.

ஐயாவுக்காகத் தேம்ஸ் சண்டையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கென்டக்கியின் முழுப் பலமும் தெரிந்தது அங்கேதான். அப்போதைய ஆளுநர் ஐசக் ஷெல்பி. அமெரிக்கப் புரட்சிப் போரில் கிங்ஸ் மவுண்டனில் சண்டை போட்ட மனிதர், மாநிலத்தின் முதல் ஆளுநரும் அவரே, 1812-இல் இரண்டாவது முறையாகப் பதவிக்கு வந்திருந்தார். 1813 கோடையில், அப்போது வடமேற்கில் அமெரிக்கப் படைத்தலைவராக இருந்த ஹாரிசன் ஆள் கேட்டபோது, நானே முன்னால் வருகிறேன், குதிரையோடு வந்து சேருங்கள் என்று மக்களுக்கு அறிவிப்பு விட்டார். சுமார் 3,500 பேர் வந்தார்கள். பதவியில் இருக்கும் ஆளுநர், 62 வயதில், படையை நடத்திக்கொண்டு அந்நிய மண்ணுக்குள் போகிறார். அதற்கு முந்தைய வருடம்தான் கனடா எல்லையில் நடந்த குவீன்ஸ்டன் சண்டையில் நியூயார்க் மக்கள்படை, எல்லை தாண்டிப் போகச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தாது என்று கரையிலேயே நின்றுவிட்டது. கென்டக்கிக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஏரியைக் கடக்கக் குதிரைகளைக் கரையில் ஒரு நிலமுனையில் வேலி போட்டு விட்டுப்போனார்கள். இங்கே ஒரு பன்றிக் கதை சொல்வார்கள். ஹாரட்ஸ்பர்க்கிலிருந்து படையோடு ஒரு பன்றி தானாகவே ஏரி வரை நடந்து வந்ததாம், படகில் மட்டும் ஏறவில்லையாம், படை திரும்பும் வரை குதிரைகளோடு இருந்துவிட்டு மறுபடி கூடவே ஊருக்கு நடந்ததாம். ஷெல்பி அதைத் தன் பண்ணையில் வைத்துச் சாகும் வரை பார்த்துக்கொண்டார் என்பார்கள்.

1813 அக்டோபர் 5, தேம்ஸ் ஆற்றங்கரை, இன்றைய ஒண்டாரியோவில். ரிச்சர்ட் மென்டர் ஜான்சனின் கென்டக்கிக் குதிரைப்படை நேராகப் பாய்ந்ததும் களைத்துப்போயிருந்த பிரிட்டிஷ் வரிசை சில நிமிடத்தில் உடைந்தது. சதுப்புக்குள் நின்ற பூர்வகுடி வீரர்கள்தான் கடைசி வரை போராடினார்கள். டெகும்சே அங்கே இறந்தார். சுட்டது நான்தான் என்ற பேரிலேயே ஜான்சன் துணைக் குடியரசுத் தலைவர் வரை போனார், 1837-இல். ஹாரிசன் 1841-இல் குடியரசுத் தலைவரே ஆனார். பூர்வகுடிகளின் கூட்டணி அத்தோடு சிதறியது. 1811-இல் இருந்த உரிமைகளை அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று, போரை முடித்த கென்ட் உடன்படிக்கையின் ஒன்பதாவது பிரிவில் எழுதினார்கள், நிலம் ஒன்றும் திரும்பி வரவில்லை.

உப்பளம்:

போரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் துப்பாக்கியைச் சொல்வார்கள், மருந்தைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இதில்தான் ஆர்வம்.

வெடிமருந்துக்கு முக்கால் பங்கு வெடியுப்பு வேண்டும். அந்தக் காலத்தில் உலகத்துக்கே நல்ல வெடியுப்பு போனது நம் பக்கத்திலிருந்துதான், பீகாரில் காய்ச்சி வங்காளம் வழியாக. அது பிரிட்டிஷார் கையில். அவர்களோடு போர் என்றால் அமெரிக்காவுக்கு வெடியுப்பு எங்கிருந்து வரும்? கென்டக்கியின் சுண்ணாம்புக் குகைகளிலிருந்து வந்தது. அதில் பெரியது மம்மத் குகை. குகைக்குள் இருக்கும் மண்ணில் நைட்ரேட் உண்டு. அந்த மண்ணை வெட்டி, பெரிய மரத்தொட்டிகளில் கொட்டி, வாசல் பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு ஊறவைத்து வடித்தார்கள். நீளமான மரங்களை நடுவில் குடைந்து அதையே குழாயாக்கி வடிநீரை வெளியே ஏற்றினார்கள். மரச்சாம்பல் நீரோடு சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்புப் படிகம். அதைக் கிழக்கே வெடிமருந்து ஆலைகளுக்கு வண்டியேற்றினார்கள்.

இந்த வேலை முழுக்கச் செய்தவர்கள் அடிமைகள், சுமார் 70 கறுப்பினத்தவர்கள். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், புகையில், நாளெல்லாம் மண் சுமந்தார்கள். போர் முடிந்ததும் விலை விழுந்து வேலை நின்றது, அந்தத் தொட்டிகளும் குழாய்களும் குகையின் காய்ந்த காற்றில் மட்காமல் இருநூறு வருடமாக அப்படியே கிடக்கின்றன, போனால் பார்க்கலாம். கென்டக்கியின் பங்கு என்று கணக்கெடுத்தால் இந்த 70 பேரையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. துப்பாக்கி ஏந்தியவர்களுக்காவது ஊர் திரும்பினால் பேர் கிடைத்தது.

படகோட்டி:

கடைசிச் சண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1815 ஜனவரி 8, நியூ ஆர்லியன்ஸ். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கென்டக்கிக்காரர்கள் நாலு நாள் முன்னால்தான் ஆற்று வழியாக வந்து சேர்ந்தார்கள். மூன்றில் ஒருவரிடம்தான் துப்பாக்கி இருந்தது. கிழிந்த துணி, போர்வை கிடையாது, ஜனவரிக் குளிர். அரசு பிட்ஸ்பர்க்கிலிருந்து அனுப்பிய துப்பாக்கிகள் மெதுவான படகில் வந்து, சண்டை முடிந்த பிறகுதான் சேர்ந்தன. அந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து துணி தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது இந்த இடத்தில்தான்.

ஆற்றின் கிழக்குக் கரையில் பெரிய வெற்றி. ஆனால் மேற்குக் கரைக்கு அனுப்பியவர்களில் 170 பேர் போலத்தான் கென்டக்கிக்காரர்கள். ராத்திரி முழுக்க நடந்து, தூக்கம் சாப்பாடு இல்லாமல், பழைய துப்பாக்கிகளோடு, அரணே இல்லாத இடத்தில் நிறுத்தப்பட்டார்கள். பிரிட்டிஷார் தாக்கியதும் பின்வாங்கினார்கள். அங்கே அமெரிக்கப் படைத்தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் மறுநாள் அறிக்கையில் கென்டக்கிப் படை கேவலமாக ஓடியது என்ற பொருளில் எழுதிவிட்டார். விசாரணைக் குழு அந்தப் பின்வாங்கலில் குற்றம் இல்லை என்று சொன்னபிறகும் அந்த வார்த்தையை அவர் மனதாரத் திரும்பப் பெறவில்லை. அந்தப் படையை நடத்திய ஜான் அடேர் 1817-இல் ஜாக்சனோடு செய்தித்தாள்களில் கடிதத்துக்குக் கடிதம் சண்டை போட்டார், தன் ஆட்களின் மானத்துக்காக. 1820-இல் அவரையே கென்டக்கி ஆளுநராக்கியது. மூன்று வருடம் செத்துச் செத்துப் போராடிவிட்டு ஓர் அறிக்கையின் ஒரு வரிக்காக ஒரு மாநிலமே இப்படித் துடித்தது என்றால், ஐயா கேட்ட ‘எதற்காக’ என்ற கேள்விக்கு அதிலும் பாதிப் பதில் இருக்கிறது.

இன்னொன்று. அந்தச் சண்டை நடந்தபோது கென்ட் உடன்படிக்கையில் கையெழுத்தாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது, செய்திதான் வந்து சேரவில்லை. கையெழுத்திட்ட அமெரிக்கர்களில் ஹென்றி கிளேவும் ஒருவர். மாலுமிகளைப் பிடித்துப்போகும் பிரச்சினை பற்றி அந்த உடன்படிக்கையில் ஒரு வார்த்தை இல்லை.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை வாசித்தேன், மகனுக்கும் வாசித்துக் காட்டினேன். படகோட்டி சொன்ன கடைசி வரியைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. செங்காந்தள் அம்மா சொன்ன பக்கத்தை நான் பூங்காவில் சரியாகக் கவனிக்கவே இல்லை, மறுபடி போக வேண்டும்.

உப்பளம் தம்பி சொன்ன குகைக்கு அடுத்த மாதம் போகலாம் என்று முடிவு செய்து, மகன் வரைபடத்தைத் திறந்து வழி பார்த்துக்கொண்டிருந்தான். மம்மத் குகை எந்தக் கவுன்டியில் வருகிறது என்று கேட்டேன். பெரும்பகுதி எட்மன்சன் கவுன்டி, ஒரு பக்கம் ஹார்ட் கவுன்டி என்றான். ஏரிக்காற்று கொடுத்த பட்டியலில் இரண்டு பெயரும் இருக்கின்றன. அந்த 70 பேரின் பெயர்கள் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று அங்கே வழிகாட்டியிடம் கேட்டுப் பார்க்கிறேன், கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.